கோர்ட்டு கலையும் வரை

போன மாதம் பழைய கோர்ட்டுப் பக்கம் போயிருந்தேன். பென்ஷன் வாங்குகிற ஆளுக்கு அங்கே என்ன வேலை என்று வீட்டில் கேட்டார்கள். செக்குமாட்டை அவிழ்த்துவிட்டாலும் செக்கைத்தான் சுற்றும் என்று சொல்லிவிட்டுப் போனேன். வராந்தாவில் புதிதாகச் சேர்ந்த குமாஸ்தா ஒருவர் என்னை உட்காரவைத்துப் பேசினார்.

"பெரியவரே, இன்னைக்கு ஒருத்தனுக்குக் கோர்ட்டு கலையுற வரைக்கும் சிறைன்னு தண்டனை குடுத்தாக. அவன் மூலையில உட்கார்ந்து கொட்டாவி விட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டான். இதெல்லாம் ஒரு தண்டனையா?" என்று சிரித்தார்.

எனக்குச் சுருக்கென்றது. அந்தத் தண்டனை ஓர் உயிரைக் காப்பாற்றியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். அவரிடம் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் உள்ளேயிருந்து மணி அடித்தது, எழுந்து போய்விட்டார். பாதி சொன்ன கதை தொண்டையில் சிக்கிய முள் மாதிரி. முழுதும் சொன்னால்தான் எனக்கு நிம்மதி. எந்த ஊர்க் கோர்ட்டு என்று மட்டும் கேட்காதீர்கள். கம்பம் பள்ளத்தாக்கில் ஓர் ஊர், அவ்வளவுதான்.

நான் ராயப்பன்பட்டிக்காரன். சின்ன வயதில் மாதா கோயில் பாட்டுக் கூட்டத்தில் இருந்தேன். மீசை அரும்பும்போது குரல் உடைந்து தகரத்தைத் தட்டியதுபோல ஆனதும் விரட்டிவிட்டார்கள். அதே தகரக் குரல்தான் பிறகு எனக்குச் சோறு போட்டது. கோர்ட்டில் வில்லைச் சேவகன் வேலை. தோளில் சிவப்புப் பட்டை, அதில் பித்தளை வில்லை. மாஜிஸ்திரேட்டுக்கு முன்னால் நடந்து கூட்டத்தை விலக்க வேண்டும், உள்ளே சலசலப்பு வந்தால் அமர்த்த வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வாசலில் நின்று பேர் கூப்பிட வேண்டும்.

பேர் கூப்பிடுவது சும்மா கத்துவதில்லை. மூன்று தரம் கூப்பிட வேண்டும். எதிரே புளியமரத்தடியில் குந்தியிருப்பவன் காதில் விழ வேண்டும். மூன்றாவது கூப்பாட்டுக்கும் வராவிட்டால் வாரண்டு வரைக்கும் போகும். எனக்கு முன்னால் இருந்த சேவகர் ஒரு வாரம் கூட நின்று பழக்கிவிட்டார். முதல் பாதியை வீசு, பின் பாதியைக் காற்றில் விடு என்பது அவர் பாடம். அதனால் நான் "முத்த்த்து" என்று ஆரம்பித்தால் முத்தையா, முத்துச்சாமி, முத்தம்மா எல்லாரும் ஒன்றாக எழுந்து வருவார்கள். ஒருமுறை வேறொரு முத்தையா வந்து நின்று, தான் திருடாத ஆட்டுக்கு அரைமணி நேரம் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். அது தனிக்கதை.

இரண்டாவது உலகச் சண்டைக்காலத்தில் எங்களுக்கு ஒரு சப்-மாஜிஸ்திரேட் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஒல்லியான உடம்பு, வயிற்றுக்கோளாறு. ஐந்து மணி அடித்தால் எழுந்துவிடுவார். வீட்டில் தயிர்சாதம் காத்திருக்கும். யாருக்காகவும் ஒரு நிமிஷம் கூட உட்காரமாட்டார். வக்கீல் வாய் திறந்திருக்கும்போதே எழுந்து போன ஆள். எல்லாரையும் "நீர்" என்பார், திருடனையும்கூட. தீர்ப்புச் சொல்லும்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிடுவார். முகம் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது, கண்ணாடி இல்லாவிட்டால் எனக்கு முகம் தெரியாது என்று ஒருமுறை பெஞ்சு கிளார்க்கிடம் சொன்னாராம். கொஞ்சம் கிறுக்கு என்று நாங்கள் பேசிக்கொள்வோம். எனக்கு அவரைப் பிடிக்கும், ஆனால் பயம்.

இப்போது கேசுக்கு வருகிறேன். காகிதத்தில் எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்ட ஆளின், பேர் செல்லையா, வயது பத்தொன்பது. அவளே வைத்துக்கொண்ட பேர் செல்லாயி. நான் அவள் என்றே எழுதுகிறேன், அவள் அப்படித்தான் இருந்தாள். சின்ன வயதிலிருந்தே அப்படி. அதற்காக வீட்டில் அடி, ஊரில் அடி. கடைசியில் பேய் பிடித்திருக்கிறது என்று கம்பியைக் காய்ச்சிக் கையில் சூடு போட்டார்கள். தப்பியோடிக் குமுளிக்கு அப்பால் ஒரு ஏலத்தோட்டத்தில் பெண்களோடு பெண்ணாகக் காய் பறித்துப் பிழைத்தாள். கூட வேலை செய்யும் பேச்சியம்மாவுடன் ஒருநாள் கம்பம் சந்தைக்குச் சாமான் வாங்க இறங்கியபோது சொந்தக்காரன் ஒருவன் அடையாளம் கண்டுவிட்டான். கூட்டம் சேர்ந்தது. சேலையைக் கிழித்தார்கள், ஆட்டுக்கு மயிர் கத்தரிப்பதுபோல முடியைக் கத்தரித்தார்கள். போலீசார் வந்து பிடித்தது அவளை.

இந்த மாதிரிப் பிள்ளைகளை நான் அதற்கு முன்னாலும் அறிவேன். ஆனால் உயிரோடு பார்த்தது குறைவு. பெரும்பாலும் எங்கள் கோர்ட்டுக்கு அவர்கள் பிண விசாரணைக் காகிதமாகத்தான் வருவார்கள். கிணற்றில் தவறி விழுந்ததாக இருக்கும், வயிற்றுவலி தாங்காமல் அரளி விதை தின்றதாக இருக்கும். குடும்பத்தார் எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொல்வார்கள். காகிதத்தைக் கட்டிவைத்துவிடுவோம். இது எனக்கு எப்போதும் ஆறாத விஷயம்.

அன்று காலை மாஜிஸ்திரேட் வந்து உட்கார்ந்ததும் அவளுடைய அப்பாவும் சித்தப்பாவும் கேட்காமலே உள்ளே வந்து கும்பிட்டார்கள். அப்பா தளர்ந்த ஆள். பேசியதெல்லாம் சித்தப்பாதான்.

"எசமான், எங்க கேசை மொதல்ல எடுத்து முடிச்சு விட்டுருங்க. இன்னைக்கு எங்க வயலுக்குத் தண்ணி முறை. பொழுது சாயும்போது மடையில நிக்கணும். விட்டா எட்டு நாளு ஆகும், பயிரு தாங்காது."

"மடையில் எல்லாருமா நிற்க வேண்டும்?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"அண்ணன் தம்பி பிள்ளைக அம்புட்டுப் பேரும் நின்னாத்தான் எசமான் ஆகும். இல்லைன்னா மேவயக்காரன் வாய்க்காலை வெட்டித் தண்ணியை அவன் வயலுக்குத் திருப்பிருவான்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "அவனை எங்க கையில விட்டுருங்க. இனிமே ஊர் கண்ணுல படாம நாங்க பார்த்துக்கிறோம்" என்றான்.

"பார்த்துக்கொள்வது என்றால்?"

"குடும்ப மானம் எசமான். நாங்க பார்த்துக்கிறோம்."

மாஜிஸ்திரேட் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சரி, போய் உட்காரும் என்றார். அந்தக் கேசுக் கட்டை எடுத்து எல்லாவற்றுக்கும் அடியில் செருகினார். சலுகை கேட்டால் அவருக்குப் பிடிக்காது, அந்தக் கோபம் என்றுதான் நான் நினைத்தேன். வெளியே போய்ப் பார்த்தால் புளியமரத்தில் சாத்தியபடி நாலைந்து கம்பு. அவற்றுக்குச் சொந்தக்காரர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மத்தியானத்துக்கு மேல்தான் அந்தக் கேசு வந்தது. வராந்தாக் கோடியில் கான்ஸ்டபிள் பக்கத்தில் தலையைத் துண்டால் மூடி உட்கார்ந்திருந்தாள். நான் வழக்கம்போல "செல்ல்ல்ல" என்று வீசினேன், மிச்சம் காற்றோடு போனது. முதல் கூப்பாட்டுக்கே எழுந்து வந்தாள். என்னைக் கடக்கும்போது, "நல்லாக் கூப்பிட்டீக" என்றாள். தனக்காகப் பேரின் வாலை விழுங்கினேன் என்று நினைத்திருப்பாள். எல்லார் பேரையும் நான் அப்படித்தான் விழுங்குவேன் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஏட்டு எழுந்து, ஆணாகிய எதிரி பெண் வேஷத்தில் ஆள்மாறாட்டம் செய்து பொதுஜனத்தை ஏமாற்றியதாகவும், சந்தையில் கூச்சல் போட்டு அமைதியைக் கெடுத்ததாகவும் ஒப்பித்தார்.

"ஆள்மாறாட்டம் என்கிறீரே, எந்த ஆளாக மாறினார்?"

"பொம்பளையாங்க."

"பொம்பளை என்று ஓர் ஆள் உண்டா? பேர் என்ன? எந்த ஊர்?"

ஏட்டு காகிதத்தைப் புரட்டினார். "ஏமாந்தது யார்? என்ன நஷ்டம்?" என்று மாஜிஸ்திரேட் அடுத்துக் கேட்டார். சந்தை ஜனம் அத்தனையும்தான் ஏமாந்தது என்றார் ஏட்டு. எதிரியின் முடியைக் கத்தரித்தது யார், அவர் மேல் கேசு எங்கே என்று கேட்டதும் ஏட்டு பெல்ட்டைச் சரிசெய்துகொண்டார்.

பேச்சியம்மாவைக் கூப்பிட்டார்கள். எலும்பும் கம்பளியுமாக ஒரு மனுஷி. தோட்டத்தின் பேரைச் சொல்ல வாயெடுத்தவளை மாஜிஸ்திரேட் கையமர்த்தினார். "தோட்டம் எது என்று நான் கேட்கவில்லை, சொல்ல வேண்டாம். இவரைப் பெண் என்று நினைத்து ஏமாந்தீரா, அதற்கு மட்டும் பதில்."

"ஏமாறுறதுக்கு என்னங்க இருக்கு? வந்த அன்னைக்கே எல்லாத்தையும் சொல்லிருச்சு. கொட்டுற மழையில வந்து நின்னுச்சு, கை வெந்து கெடந்துச்சு. பச்சிலை அரைச்சுப் போட்டேன். அன்னையிலருந்து என்கூடத்தான் கெடக்குது. காய் எடுக்குறதுல எங்களுக்கெல்லாம் முந்தி. எங்கள்ல ஒருத்திங்க."

மாஜிஸ்திரேட் எதிரியைப் பார்த்தார். கும்பிட்டபடி நின்றதில் முழங்கைக்குக் கீழே வடு தெரிந்தது.

"கையில் என்ன?"

"பேயோட்டுனாக, சாமி."

"போயிற்றா?"

"இருந்தாத்தான போகும்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான் அமர்த்தினேன். எனக்கும் சிரிப்பு வந்தது உண்மை.

மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றினார். ஆள்மாறாட்டக் குற்றம் ருசுவாகவில்லை என்றார். அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே பாய்ந்தான். புளியமரத்தடியில் எல்லாரும் எழுகிற சத்தம், கம்பு தரையில் தட்டுகிற சத்தம். எனக்கு அப்போதுதான் புரிந்தது. விடுதலை என்று சொன்னால் அவள் அந்த வாசல் வழியாகத்தான் போக வேண்டும்.

மாஜிஸ்திரேட்டுக்கும் சத்தம் கேட்டிருக்க வேண்டும். "எதிரியைக் குமுளி எல்லை வரைக்கும் கொண்டுபோய் விடுவீரா?" என்று ஏட்டைக் கேட்டார்.

"விடுதலை ஆயிட்டா எங்க பொறுப்பு இல்லைங்க."

"சரி. அடுத்த குற்றம். சந்தையில் கூச்சல் போட்டீரா?"

"போட்டேன் சாமி. அடிச்சாக. கத்தாம என்ன செய்ய?"

"சத்தமாகவா?"

"சந்தை முச்சூடும் கேட்டிருக்கும்."

"குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிறது. கோர்ட்டு கலையும் வரை சிறை."

எனக்கு ரத்தம் கொதித்தது. அடித்தவனெல்லாம் வெற்றிலை மெல்லுகிறான், அடிபட்டுக் கத்தியவளுக்குச் சிறையா? அந்த நிமிஷம் அந்த மனிதர்மேல் எனக்கு இருந்த மரியாதையெல்லாம் போனது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "எதிரி இப்போது என் காவலில் இருக்கிறார். நான் எழுந்திருக்கும் வரை அவரை யாரும் தொடக் கூடாது. உள்ளே உட்காரவைத்துக் குடிக்கத் தண்ணீர் கொடும். வெளியே இருப்பவர்களிடம் நான் சொன்னதைப் போய்ச் சொல்லும்."

சொன்னேன். சித்தப்பாவுக்குச் சந்தோஷம். தண்டனை கிடைத்துவிட்டது, அஞ்சு மணிக்கு ஐயா எழுந்துவிடுவார், இங்கனயே பிடித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டான். அவருடைய ஐந்து மணிப் பழக்கம் ஊரறிந்தது.

மற்ற கேசுகள் முடிந்தன. ஐந்து அடித்தது. நான் பட்டையைச் சரிசெய்துகொண்டு முன்னே நடக்கத் தயாராக நின்றேன். மாஜிஸ்திரேட் எழவில்லை. அலமாரியிலிருந்து ஒரு பழைய கேசுக் கட்டை எடுத்துவரச் சொல்லிப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தார். அது முடிந்ததும் இன்னொன்று. பெஞ்சு கிளார்க்கு என்னைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன். பிறகு அவர் மெல்ல, "விளக்கு ஏத்தணுமாங்க? மண்ணெண்ணெய் அளந்துதான் குடுக்குறாக" என்றார். சண்டைக்காலம், மண்ணெண்ணெய்க்கு அவ்வளவு தட்டுப்பாடு.

"ஏற்றாதேயும். இருட்டில் உட்கார்ந்தாலும் கோர்ட்டு கோர்ட்டுதான்" என்றார் மாஜிஸ்திரேட். வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு அடுத்த கட்டைப் புரட்டினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலையில் தண்ணீர் முறையைப் பற்றிச் சித்தப்பா உளறியதை இந்த மனிதர் மனசில் முடிந்துவைத்திருக்கிறார். தவளை தன் வாயால் கெட்டது என்பது இதுதான். நான் வாசலில் போய் நெஞ்சை நிமிர்த்தி நின்றுகொண்டேன்.

"என்ன சேவகரே, இன்னும் கலையலையா?" என்று வந்தான் சித்தப்பா.

"கலையலை."

"எப்பக் கலையும்?"

"ஐயா எந்திரிச்சாக் கலையும்."

"எப்ப எந்திரிப்பாக?"

"கலைச்சிட்டு எந்திரிப்பாக" என்றேன். அன்றைக்கு நான் அனுபவித்த சந்தோஷம் வேலையில் சேர்ந்த நாளிலும் கிடையாது.

மேற்கே மலைக்குப் பின்னால் வெயில் இறங்கியது. அவர்களுக்குள் வாக்குவாதம் முற்றியது. மேவயக்காரன் வெட்டிவிடுவான் என்றான் ஒருவன். மானம் போனாலும் பயிர் போகக் கூடாது என்பதுதான் கடைசியில் ஜெயித்தது. கம்புகளை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். போகும்போது சித்தப்பா, "அண்ணே, நீ இங்கனயே இரு. கலைஞ்ச உடனே கப்புனு பிடிச்சு உட்கார வச்சுக்கோ. தண்ணியைத் திருப்பிட்டு வந்துர்றோம்" என்று சொல்லிப் போனான்.

அப்பா மட்டும் புளியமரத்தடியில் நின்றார்.

இதற்குள் பேச்சியம்மா போய்த் தோட்டத்துச் சாமான் லாரியைப் பின்பக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டாள். பெட்ரோல் கிடைக்காத காலம், கரி போட்டு ஓட்டுகிற லாரி. கூடலூர் தாண்டிக் குமுளி ஏறிவிட்டால் அந்தப் பக்கம் திருவிதாங்கூர். இந்தக் கூட்டத்தின் அதிகாரம் அங்கே செல்லாது. ஆனால் அப்பா ஒருவர் கூச்சல் போட்டால் போதும், கடைத்தெருவே கூடிவிடும். அவர் படியேறி வருவதைப் பார்த்ததும் நான் குறுக்கே நின்றேன்.

"சேவகரே, அதை ஒருக்கப் பார்க்கணும்" என்றார். காலையிலிருந்து தம்பி அவன் அவன் என்று பேசியபோதெல்லாம் இவர் அது என்றுதான் சொன்னார்.

"காவல்ல இருக்கு. கேட்டுத்தான் சொல்லணும்."

"அன்னைக்குக் கம்பியைக் காய்ச்சுனது தம்பி. காலைப் பிடிச்சுக்கிட்டது நான். அதைச் சொல்லணும்னுதான்." அவர் வாய் கோணியது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

உள்ளே போய் மாஜிஸ்திரேட்டிடம் சொன்னேன். அவர் என்னிடம் பதில் சொல்லாமல், சுவரோரம் பேச்சியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளைக் கேட்டார். "உம்முடைய தகப்பனார் பார்க்க வேண்டும் என்கிறார். சம்மதமா? இல்லை என்றால் இல்லைதான். நான் ஏன் என்று கேட்கமாட்டேன்."

அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு யோசித்தாள். இருட்டத் தொடங்கிவிட்டதால் முகம் சரியாகத் தெரியவில்லை.

"காலைப் பிடிச்சதும் அவுகதான். மறுநாள் நான் ஓடுறதுக்குக் கதவு நாதாங்கியை எடுத்துவிட்டதும் அவுகதான், சாமி. சத்தம் கேட்டுச்சு. எனக்குத் தெரியும்னு சொல்லுங்க." தலைத் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "ஆனா பார்க்க வேணாம். இன்னைக்கு வேணாம்."

"போய் அப்படியே சொல்லும்" என்றார் மாஜிஸ்திரேட்.

நான் வெளியே வந்தேன். கோர்ட்டு வார்த்தையைச் சொல்லும்போது எனக்குத் தானாக மரியாதைப் பேச்சுத்தான் வாயில் வரும். "பார்க்க வேணாம்னு சொல்லிட்டாக" என்றேன்.

"ஐயா சொன்னாகளா?"

"இல்லை. உங்க பிள்ளை சொன்னாக. நாதாங்கிச் சத்தம் கேட்டுச்சாம். அதையும் சொல்லச் சொன்னாக."

படியிலேயே உட்கார்ந்துவிட்டார். துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். பிறகு எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சரி. அவுக சொன்னாச் சரிதான்" என்றார்.

பெற்ற பிள்ளையை யாரும் எங்கள் பக்கத்தில் அவுக என்று சொல்வதில்லை. பெரிய மனுஷர்களுக்கும் சாமிக்கும் வைத்திருக்கிற மரியாதை அது.

அவர் படியிறங்கிப் போய் ரோட்டின் நடுவில், வயல்காட்டுப் பாதை வந்து சேருகிற இடத்தில் நின்றுகொண்டார். நான் உள்ளே போய்ச் சொன்னேன். மாஜிஸ்திரேட் கட்டை மூடி நாடாவை முடிந்தார். மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நாங்கள் எல்லாரும் எழுந்தோம், அவளும் எழுந்தாள்.

"கோர்ட்டு கலைந்தது. நீர் போகலாம்" என்று அவளைப் பார்த்துச் சொன்னார். இந்தத் தடவை கண்ணாடியைக் கழற்றவில்லை.

பின்கதவைத் திறந்துவிட்டேன். பேச்சியம்மா தன் கம்பளியால் அவளைச் சுற்றி லாரியில் ஏற்றினாள். செல்லாயி என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். நானும் பட்டையும் வில்லையுமாகக் கும்பிட்டேன். லாரி இருமி இருமிக் கிளம்பி, புகையைக் கக்கிக்கொண்டு கூடலூர் ரோட்டில் மறைந்தது. வண்டிச் சத்தம் அடங்கியதும் என் உடம்பிலிருந்து ஒரு மூட்டை இறங்கியதுபோல இருந்தது.

நான் வாசல் கதவைப் பூட்டிக்கொண்டிருக்கும்போது சித்தப்பா வந்துவிட்டான். கூட இன்னும் நாலு பேர், முழங்கால் வரை சேறு.

"எங்கே அண்ணே அவன்? விட்டுட்டியா?"

"கையைக் கடிச்சுட்டு ஓடிருச்சு" என்றார் அப்பா. "மலைக்குப் போனா நீங்க தேடி வருவீகன்னு பயந்துக்கிட்டு அங்கிட்டுப் போகலை. மதுரைக்குப் போற பஸ்ஸுல ஏறிருச்சு. தேனிப் பக்கம் போச்சு."

தேனி எங்களுக்கு வடக்கே இருக்கிறது. கூடலூர் தெற்கே. அவர் வடக்கே கையை நீட்டிக் காட்டினார். கம்பும் சேறுமாக அவர்கள் அந்தப் பக்கம் ஓடினார்கள். தெற்கே ரோட்டின் மேல் கரிப்புகை இன்னும் போகாமல் நின்றது. நீட்டிய கையை மடக்காமலே அவர் அந்தப் புகையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.